விழித்திரை மருத்துவர் ஜூல்ஸ் கோனின்

உலகத்திற் பெரியோர் பலர் தோன்றி மறைந்துள்ளனர். அவருள் அரசரையும் புலவரையும் போர்வீரரையும் பற்றி நூல்கள் பலவுள. நோயுற்றார் படுக்கையருகே இருந்து, பிறரெல்லாம் கைவிட்ட பிணியொன்றன் காரணத்தைப் பொறுமையோடு தேடிக் கண்ட மருத்துவர் வரலாறோ நம்மவர் வாயில் அருகியே வழங்குகின்றது. அத்தகையோருள் ஒருவர் ஜூல்ஸ் கோனின் என்பார். சுவிட்சர்லாந்து நாட்டினர்; 1935ஆம் ஆண்டில் மறைந்தவர். கண் மருத்துவ உலகில் அவர் பெயரை அறியாதார் இலர்.

திருப்பூரையும் அதனைச் சூழ்ந்த பின்னலாடை ஊர்களையும் சார்ந்த எம்மனோர்க்கு அவர் வரலாறு சிறப்பாக அறியற்பாலது. ஊசியின் காதில் நூல் கோப்பாரும், ஓவர்லாக் பொறியில் தையல் ஓட்டுவாரும், செக்கிங் மேசையில் துணி பார்ப்பாரும் கண்ணையே கைம்முதலாகக் கொண்டு உண்பவர். அக்கண்ணின் ஒளியைச் சில நாளிற் கவர்ந்துகொள்ளவல்ல நோயொன்றும், அதனை மனிதர் வென்ற வகையும் இவ்வரலாற்றுள் அடங்கியுள்ளன. ஆதலின் முதற்கண் அந்நோயின் இயல்பைச் சிறிது கூறுவாம்.

கண்ணின் உட்சுவரில் மெல்லிய படலமொன்று ஒட்டிக் கிடக்கின்றது. அதுவே விழித்திரை. புறத்தே காணும் பொருளின் உருவம் அதன்மேல் விழ, அது நரம்பின் வழியே மூளைக்கு உணர்த்தும். இத்திரைக்குப் பின்னே குருதி நாளங்கள் நிறைந்த மற்றொரு படலம் இருந்து அதற்கு ஊட்டமளிக்கின்றது. திரைக்கு முன்னே, விழியின் நடுவிடத்தைத் தெளிந்த கூழொன்று நிரப்பியுள்ளது. அகவை ஏறுந்தோறும் அக்கூழ் சுருங்கும். சுருங்குங்கால், திரையோடு இறுகப் பற்றிய இடங்களைச் சிலர்க்கு இழுத்துக் கிழிக்கும். கிழிந்த வாயில் வழியே நீர் புகுந்து திரையைச் சுவரினின்றும் பெயர்க்கும். பெயர்ந்த திரை ஊட்டமின்றிப் பார்வையை இழக்கும். இதுவே விழித்திரை விலகல் என்பது. கிட்டப்பார்வை மிக்குடையார், கண்ணில் அடிபட்டார், கண்புரை அறுவை செய்துகொண்டார் ஆகியோர்க்கு இஃது ஏனையோரினும் மிகுதியாக வரும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1851ஆம் ஆண்டில் விழியின் உட்புறத்தை நோக்கும் கருவியை இயற்றினார். அதன் பின்னரே உயிருள்ள மனிதர் கண்ணில் விழித்திரை விலகியிருத்தலை மருத்துவர் நேரிற் கண்டனர். கண்டும் என்? தீர்க்கும் வழி அறியாராயினர். நோயாளியை வாரக்கணக்கில் அசையாது படுக்கவைத்தனர். இரு கண்ணையும் கட்டினர். ஊசியாற் குத்தித் திரைக்குப் பின்னுள்ள நீரை வடித்தனர். வடித்த நீர் மீண்டும் நிறைந்தது. ஓட்டைப் பரிசலில் அமர்ந்து, ஓட்டையை நோக்காது நீரை மட்டும் இறைத்துக் கொட்டுவார் செயலை ஒத்திருந்தது அவர் முயற்சி. 1911ஆம் ஆண்டில் ஓம் என்னும் மருத்துவர் கண்ணினுள் காற்றைச் செலுத்திப் பார்த்தார். அதுவும் நிலைத்த பயன் தரவில்லை. 1912ஆம் ஆண்டில் வெய்ல் என்னும் அமெரிக்க மருத்துவர் தம் நாட்டுக் கண் மருத்துவர் பலர்க்குக் கடிதம் விடுத்து, இந்நோயாளருள் எத்துணைப் பேர் குணமடைந்தனர் என வினவினார். வந்த விடைகளைத் தொகுத்தபோது, 1,000 பேருள் ஏறத்தாழ ஒருவரே பிழைத்தமை தெரியவந்தது. விழித்திரை விலகிற்று என மருத்துவர் கூறுவது அக்காலத்தில் அக்கண்ணுக்கு விடைகொடுத்தலேயாம்.

இந்நிலையிலேதான் கோனின் தம் பணியைத் தொடங்கினார். அவர் 1870ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் லோசான் நகரிற் பிறந்தவர். லெமான் ஏரிக்கரையில் அமைந்த அந்நகரில் கண் மருத்துவமனையும் பார்வையற்றோர் இல்லமும் ஒரே நிலையமாக இயங்கிவந்தன. அங்கே மார்க் டூஃபூர் என்னும் புகழ்பெற்ற மருத்துவரிடம் கோனின் பயின்று, அவர்க்குத் துணையாகவும் இருந்தார். ஒருபாற் பார்வை பெற வருவோர். மற்றொருபால் அதனை என்றும் இழந்தோர். இவ்விரு சாராரையும் நாளும் கண்டவர், தீராநோய் என்று பெயரிட்டு ஒன்றனை ஒதுக்கிவிட ஒருப்படாமை வியப்பன்று.

விழித்திரை விலகிப் பயனற்றமையால் அகற்றப்பெற்ற கண்களை அவர் மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து நெடுங்காலம் ஆராய்ந்தார். கிழிந்த திரையின் ஓரங்களில் விழிக்கூழ் பற்றி இழுத்தமைக்கு உரிய அடையாளங்களைக் கண்டார். அவர்க்கு முன்னரே வெக்கர், லேபர் முதலிய அறிஞர் திரையிற் கிழிசல் உண்டெனக் கூறியிருந்தனர். ஆயினும், அக்காலத்து மருத்துவருட் பெரும்பாலார் கிழிசலை நோயின் விளைவென்றே கொண்டனர். விலகிய கண் பலவற்றிற் கிழிசலே காணப்படவில்லை என்பது அவர் காட்டிய சான்று. கோனின் அச்சான்றையே ஐயுற்றார். காணப்படாமைக்குக் காரணம் இன்மையோ, தேடாமையோ என்னும் வினா அவர் உள்ளத்தே எழுந்தது. பிரெஞ்சு மொழியில் வெளிவந்த கண் மருத்துவப் பெருந்தொகுதி ஒன்றில் விழித்திரை நோய்களைப் பற்றி அவர் எழுதியபோதே இவ்வழியிற் சிந்தித்து வந்தார்.

ஈண்டு எம் ஊர்த் தொழிலினின்றும் ஒன்று கூறுதல் பொருந்தும். பின்னல் துணியைச் சோதிப்பார், கீழே விளக்கெரியும் மேசைமீது அதனை விரித்து ஓட்டிப் பார்ப்பர். ஒரு கண்ணி அறுந்த இடம் அவ்வெளிச்சத்திற் புலப்படும். அதனைக் காணாது விட்டால், அறுந்த கண்ணி அடுத்த கண்ணியை அவிழ்க்க, ஓட்டை நீண்டுகொண்டே செல்லும். விரைந்து பார்த்தவர் கண்ணுக்கு நல்ல துணி. நின்று பார்த்தவர் கண்ணுக்கு ஓட்டைத் துணி. கோனின் நின்று பார்த்தவர். பாவையை மருந்தினால் விரித்து, விழித்திரையின் விளிம்புவரை ஒவ்வொரு புறமாக, மணிக்கணக்கிலும் சலியாது தேடினார். அங்ஙனம் தேடியபோது, பிறர் இல்லையென்ற கண்களிலும் கிழிசல் அகப்பட்டது.

கிழிசலே காரணமாயின் அதனை அடைத்தலே மருந்தாதல் வேண்டும். இது சொல்லுதற்கு எளிது. செய்தற்கு மிக அரிது. கிழிசல் இருப்பது கண்ணின் உள்ளே. மருத்துவர் கை இருப்பதோ புறத்தே. உள்ளே கண்ட இடம் புறச்சுவரில் எவ்விடத்திற்கு நேராகும் என்பதை அணுவளவும் பிறழாது கணித்தல் வேண்டும். கடிகார முகத்தில் எத்தனையாம் மணிக்கு நேரே கிழிசல் உளது, விளிம்பினின்றும் எவ்வளவு தொலைவில் உளது என்று கோனின் அளந்தார். அவ்வளவைக் கண்ணின் வெள்ளைச் சுவர்மேற் குறித்தார். குறித்த இடத்தில் நுண்ணிய கத்தியாற் கீறி, உள்ளிருந்த நீரை வெளிப்படுத்தி, பழுக்கக் காய்ச்சிய கூர்முனைக் கருவியை அவ்வழியே செலுத்திச் சுட்டார். சுட்ட இடத்தில் தழும்பு உண்டாகி, திரையைச் சுவரோடு பிணித்துக் கிழிசலை மூடிற்று. குறி ஓரிரு மில்லிமீட்டர் தவறினும் அறுவை பயனற்றதாகும். பல நாள் இருண்டிருந்த கண் மீண்டும் ஒளி பெற்ற நிகழ்ச்சி மருத்துவ வரலாற்றில் அதன்பின் அருமையன்றாயிற்று.

1920ஆம் ஆண்டளவில் அவர் தம் கருத்தைப் பிரெஞ்சுக் கண் மருத்துவர் கழகத்தில் எடுத்துரைத்தார். அவ்வாண்டுகளிலேயே லோசான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியப் பதவியும் அவரை எய்தியது. எனினும், உலகம் உடனே செவிசாய்க்கவில்லை. எத்தனையோ மருந்துகள் இந்நோய்க்கு மருந்தென வந்து பொய்த்தமையால், இதுவும் ஒன்றெனப் பலர் எள்ளி ஒதுக்கினர். அவர் முறையைச் செய்து பார்த்துத் தோற்றாரும் உளர். அவருட் பலர் கிழிசலை முற்றத் தேடாதே சுட்டவர். கோனின் சொற்போரில் இறங்கிக் காலங்கழித்திலர். தம்பால் வந்தாரை ஒவ்வொருவராக எண்ணி, வென்றது இத்துணை, தோற்றது இத்துணை எனக் கணக்கு எழுதி வெளியிட்டார். நோய் தொடங்கிச் சின்னாளில் வந்தார்க்கு நற்பயனும், நெடுநாள் கழித்து வந்தார்க்குக் குறைபயனும் விளைந்தமையை அக்கணக்கே காட்டிற்று.

அயல்நாட்டு மருத்துவர் லோசானுக்கு நேரில் வந்து கண்டு கற்றனர். பார்சலோனாவினின்றும் அருகா, யூட்ரெக்டினின்றும் வேவே ஆகியோர் அவர் வழியைத் தழுவினர். லோசானிலேயே அவர்க்கு மாணவராக இருந்த மார்க் ஆம்ஸ்லர், பிற்காலத்தில் பார்வைக் கோணலை அறிய உதவும் கட்டக் கோட்டுப் படத்தால் தாமும் புகழ்பெற்றார். 1929ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரிற் கூடிய உலகக் கண் மருத்துவர் மாநாட்டில் கோனினுடைய முறையின் பயன் பலர் வாயாலும் உறுதிப்பட்டது. 1,000 பேருள் ஒருவர் பிழைத்த நோயில், ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைக்கும் நிலை அவர் வாழ்நாளிலேயே உண்டாயிற்று. 1934ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சி முழுவதையும் விழித்திரை விலகல் என்னும் பொருள்பற்றிய பெருநூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே, 65 அகவை நிரம்புமுன்னர், லோசானில் உயிர்நீத்தார். அவர் பெயரால் அமைந்த பதக்கம் நான்காண்டுகட்கு ஒருமுறை தலைசிறந்த கண் மருத்துவர் ஒருவர்க்கு வழங்கப்பெறுகின்றது. முதற்பதக்கம் 1937ஆம் ஆண்டில் ஆல்ஃபிரட் ஃபோக்ட் என்பார்க்கு அளிக்கப்பெற்றது.

அவர் மறைந்தாராயினும் அவர் கண்ட உண்மை மறையவில்லை. அவர்க்குப் பின் வந்தோர் கிழிசலை அடைக்கும் கருவிகளையே மாற்றினர். சூட்டுக்கோலுக்கு மாறாக மின்சூடும், கடுங்குளிரும், லேசர் ஒளியும் வந்தன. 1949ஆம் ஆண்டில் குஸ்டோடிஸ் என்பார் கண்ணின் புறச்சுவரில் அணைப்பொன்றைத் தைத்துச் சுவரையே திரையை நோக்கி அழுத்தினார். 1970ஆம் ஆண்டையொட்டி மாக்கமர் என்பார் விழிக்கூழையே உள்ளிருந்து வெட்டியெடுக்கும் அறுவையை நிலைநாட்டினார். இவற்றினும் எளிமையாலே எம் கருத்தைக் கவர்ந்தது வளிக்குமிழி மருத்துவம்.

சுவீடன் நாட்டு ரோசன்கிரென் 1938ஆம் ஆண்டில், கிழிசலைச் சுட்டு நீரை வடித்தபின், கண்ணினுள் காற்றைச் செலுத்தித் திரையைத் தாங்கச் செய்தார். முன்னர் ஓம் செலுத்தியதும் காற்றே. ஆயின் அவர் கிழிசலை அடைத்திலர். கோனினுடைய கொள்கை இடையே வந்தமையாலேயே அக்காற்று மருந்தாயிற்று. 1973ஆம் ஆண்டில் நார்ட்டன் என்பார் காற்றினும் நெடுநாள் தங்கும் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு என்னும் வளியின் பயனை விளக்கினார். 1986ஆம் ஆண்டில் ஹில்டன், கிரிசார்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் இருவர், பேரறுவையின்றி, ஊசியால் வளியைச் செலுத்துதலும் கிழிசலைக் குளிராலோ லேசராலோ பிணித்தலுமாகிய முறையை உலகிற்கு அறிவித்தனர்.

இம்முறையில் செலுத்தப்பெறும் வளி 1 மில்லிலிட்டரில் ஏறத்தாழப் பாதியளவே. அது கண்ணினுள் ஏறத்தாழ இரண்டு நாளில் இருமடங்காக விரிந்து, இரண்டு வாரத்தளவில் தானே கரைந்துவிடும். பெர்ஃபுளோரோபுரோப்பேன் என்னும் மற்றொரு வளி நான்கு மடங்கு விரிந்து, ஆறு முதல் எட்டு வாரம்வரை தங்கும். நீரிற் குமிழி மேலெழும்பும் இயல்பை யாவரும் அறிவர். நோயாளி தலையை ஏற்றவாறு சாய்த்திருப்பின், குமிழி எழுந்து கிழிசலின் வாயை அடைத்து நிற்கும். மேலும் நீர் புகாது, புகுந்த நீரைக் கண்ணே உறிஞ்சிக்கொள்ளும், திரை சுவரோடு பொருந்தும், பிணிப்பு இறுகும். குமிழி கதவைச் சாத்தி நிற்கும் காவலன், தாழிடுவது தழும்பு. குமிழி மேனோக்கியே எழுவதாகலின், கிழிசல் கண்ணின் மேற்பகுதியில், கடிகார முகத்தில் 8 மணி முதல் 12 வழியாக 4 மணி வரையுள்ள இடத்தில் இருப்பார்க்கே இம்முறை ஏற்றது. கீழ்ப்பகுதியிற் கிழிந்தார்க்கும், தலையைச் சாய்த்து வைத்திருக்க இயலாதார்க்கும் பிற அறுவைகளே தக்கன.

இதன் பயன் யாது என்பதே நோயாளர் வினவும் வினா. 1989ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில் 198 பேரை இருபாலாகப் பகுத்து, ஒருபாலார்க்கு வளிக்குமிழியும் மற்றொருபாலார்க்குப் புறவணைப்பு அறுவையும் செய்தனர். முதன்முறையிலேயே திரை ஒட்டினவர் குமிழிப் பகுதியில் 100க்கு 73. அறுவைப் பகுதியில் 100க்கு 82. ஒட்டாதார்க்கு மீண்டும் சிகிச்சை செய்தபின் இருபாலும் 100க்கு 98, 99 என்னும் நிலை எய்தின. நடுப்பார்வை கெட்டு 14 நாளைக்குள் வந்தோருள், நல்ல பார்வையை மீட்டவர் குமிழிப் பகுதியிலேயே மிகுதி. 2019ஆம் ஆண்டில் கனடா நாட்டு டொராண்டோவினின்றும் வெளிவந்த ஆராய்ச்சி, குமிழியை விழிக்கூழ் அகற்றும் அறுவையோடு ஒப்பிட்டது. அதிற் சேர்ந்தார் 176 பேர். முதன்முறை வெற்றி, குமிழிக்கு 100க்கு ஏறத்தாழ 81, அறுவைக்கு 93. இறுதி வெற்றி இரண்டிற்கும் 100க்கு 98க்கு மேல். ஓராண்டு கழிந்தபின் பார்வைத் தெளிவு குமிழி பெற்றார்க்கே சற்று மிகுந்திருந்தது. நேர்க்கோடு கோணலாகத் தோன்றும் குறையும் அவர்க்குக் குறைந்திருந்தது.

இவ்வெண்களை நேர்மையோடு நோக்குதல் வேண்டும். குமிழி ஒருமுறையில் தோற்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றளவு உண்டு. அதனை மறைத்துச் சொல்லுதல் நோயாளரை ஏமாற்றுதலாம். தோற்றவர் மீண்டும் அறுவைக்கு வருதல் வேண்டும். அவர்க்கு மேலும் சில நாட் கூலி போகும். மற்றொருபால், பொருந்தியவர்க்கு அறுவை அரங்கும் பெருஞ்செலவும் இன்றி, கூர்மை மிக்க பார்வை கிட்டும். நூலிழையை எண்ணிப் பிழைப்பார்க்கு அச்சிறு கூர்மை சிறிதன்று. இரண்டையும் சீர்தூக்கித் தேர்தல், மருத்துவரும் நோயாளரும் ஒருங்கிருந்து செய்தற்குரியது. கோனின் தம் வெற்றியோடு தோல்வியையும் எழுதிவைத்த வழக்கமே, இன்று இங்ஙனம் தேர்தற்கு இடந்தந்தது எனலாம்.

நோயாளர் கடமையும் இதிற் பெரிது. மருத்துவர் சொன்ன சாய்வில் தலையைப் பல நாள் வைத்திருத்தல் வேண்டும். தறியிலும் தையற்பொறியிலும் ஷிப்ட் பார்ப்பார்க்கு இஃது எளிதன்று. வீட்டாரும் முதலாளியும் துணை நின்றாலன்றி முடியாது. மற்றொன்று எம் பகுதியார் கருத்திற் கொள்ளத்தக்கது. குமிழி கண்ணில் உள்ளவரை உயரமான மலைக்கு ஏறுதலும் வானூர்தியிற் செல்லுதலும் ஆகா. ஏறத்தாழ 300 மீட்டர் உயரமுள்ள திருப்பூரினின்றும் 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உதகைக்குச் செல்வோர்க்குப் புறத்துக் காற்றழுத்தம் குறைய, குமிழி பருத்துக் கண்ணின் குருதியோட்டத்தையே நெரிக்கக்கூடும். வேறு நோய்க்காக மயக்கமருந்து பெற நேர்ந்தாலும், கண்ணிற் குமிழி உண்டென்பதை முன்னரே சொல்லிவிடல் வேண்டும்.

கோனின் காலத்தில் இந்நோயாளர் லோசானை நாடிச் சென்றனர். நம் நாட்டில் அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரையில் 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு மருத்துவர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை பின்னர்க் கோவையிலும் திருப்பூரிலும் கிளை பரப்பிற்று. சென்னையில் 1978ஆம் ஆண்டு மருத்துவர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயா விழித்திரை மருத்துவத்தில் நாடறிந்த நிலையமாயிற்று. மருத்துவமனை அருகிருந்தும் கண்ணிழப்பார் உளரெனின், அதற்குக் காரணம் பெரும்பாலும் காலத்தாழ்வே. இந்நோய் வலிப்பதில்லை. வலியாத நோயை ஏழைத் தொழிலாளர் பொருட்படுத்துவதில்லை. மற்றொரு கண்ணாற் பார்த்துக்கொண்டே வாரச் சம்பள நாள்வரை வேலை செய்வர். திருவிழாக் கழியட்டும் என்பர். கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி விடுவர். அதற்குள் விலகல் நடுப்பார்வையை எட்டிவிடும். எட்டியபின் திரையை ஒட்டினும், பழைய கூர்மை முற்றும் மீள்வது அரிது.

ஆதலின், கோனினுடைய வரலாற்றைப் படித்தார் அவர்க்குச் செலுத்தும் நன்றி, அவர் கற்பித்ததைப் பிறர்க்குச் சொல்லுதலே. இருளில் மின்னற்கீற்றுப் போன்ற ஒளி திடீரெனத் தோன்றுதல், கரும்புள்ளிகள் மழைபோலக் கண்முன் மிதத்தல், ஒரு புறத்தினின்றும் திரை இறங்கி வருவது போலப் பார்வை மறைதல் என்னும் இம்மூன்றும் விழித்திரையின் அழைப்பு மணிகள். இவற்றுள் ஒன்று தம் வீட்டில் எவர்க்கேனும், பக்கத்து மேசையில் துணி பார்க்கும் எவர்க்கேனும் நேருமாயின், எம் கல்லூரி மாணவர் அவரை அன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வாராக.